மருந்துக்கடைக் கேள்வி–பதில்: ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு எழுத வேண்டும்?’

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்துக்கடையில் வேலை செய்பவர்களிடமிருந்து வந்தவை. மீதி, கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுடையவை. இரண்டையும் கலந்தே தருகிறேன். ஒருவர் பிரச்சினை மற்றவருக்கும் தெரிந்தால்தான் நல்லது.

பத்து வருடமாகக் கடை நடத்துகிறேன். சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் ‘கிளினிக்கல் கவர்னன்ஸ்’ என்று மதியம் முழுக்கப் பேசி, கத்தையாகக் காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். இதெல்லாம் பெரிய மருத்துவமனைக்குத்தானே? எங்களுக்கு எதற்கு?
– மருந்துக்கடை உரிமையாளர் ஒருவர்

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இங்கே கொடுக்கும் மருந்தால் நோயாளிக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, அப்படி நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு, அந்த ஏற்பாடு நிஜமாகவே வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்த மூன்று கேள்விக்கும் கடையில் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணக்கணக்கை ஆடிட்டரிடம் காட்டுகிறோம், ஒரு ரூபாய் உதைத்தால்கூடத் தேடுகிறோம். மாத்திரை மாறிப் போனதற்கு மட்டும் கணக்கு இல்லாமல் இருப்பது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சொல் பிரிட்டனில் 1990-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. அப்போது அங்கே எல்லோர் மனதிலும் இருந்தது பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகள் இறந்த விவகாரம். 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கக் கூடியதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2001-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. உள்ளே இருந்த ஒரு மயக்க மருந்து நிபுணர் பல வருடம் முன்பே எச்சரித்தும், அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. ‘எல்லோரும் நல்ல டாக்டர்கள்தான், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் போதாது என்பது அங்கேதான் உறைத்தது.

மருந்துக்கடைக்கு இது 2005 ஏப்ரலில் வந்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையோடு ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு கடைக்கும் இது கட்டாயமானது. தவறுகளையும் ஆபத்துகளையும் பதிவு செய்வது, வேலை முறையை எழுதி வைப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி, நோயாளி சொல்வதைக் கேட்க ஒரு வழி, அவர்கள் விவரங்களின் ரகசியம், வருகிற எச்சரிக்கைகளுக்கு என்ன செய்தோம் என்ற குறிப்பு, இதையெல்லாம் பார்த்துக்கொள்ளப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரு நபர். பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. நீங்கள் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். பொறுப்புக்கு ஒரு ஆள், எழுத ஒரு நோட்டு, மாதம் ஒருமுறை கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் படிப்பது. இந்த மூன்றும் இல்லாமல் மற்ற காகிதமெல்லாம் இருந்தால் அது ஃபைலுக்குத்தான் ஆகும்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று இரவு ஸ்டாக் பார்த்தபோது அம்லோடிபின் ஒரு அட்டை கூடுதலாகவும் அமிட்ரிப்டிலின் ஒரு அட்டை குறைவாகவும் இருந்தது. பில்லைப் புரட்டி யாருக்கு மாற்றிக் கொடுத்தேன் என்று கண்டுபிடித்துவிட்டேன், வயதான ஒரு அம்மா. முதலாளி ‘அவர்கள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், நீயாகப் போய் வாயைக் கொடுக்காதே’ என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.
– இளம் மருந்தாளுநர்

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இங்கே எழுதுவது உங்களைப் போல் தூக்கம் வராமல் படுத்திருக்கும் மற்றவர்களுக்காக.

முதலில் போன். இப்போதே. போனில் கிடைக்கவில்லை என்றால் நேரில். அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் போயிருக்கிறது, அதற்குப் பதிலாக உள்ளே போயிருப்பது மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் மாத்திரை. வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், சிறுநீர் பிரியாமை, எல்லாம் கொண்டுவரும். இரவில் பாத்ரூம் போக எழுந்து கீழே விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ‘வந்து கேட்டால் பார்க்கலாம்’ என்பதற்கு, அவர் வரும் நிலையில் இருக்க வேண்டுமே.

என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சுற்றி வளைக்கத் தேவையில்லை. “அம்மா, நேற்று உங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, மன்னிக்கணும். அந்த அட்டையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? எத்தனை? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?” இவ்வளவுதான். அப்புறம், இனி அதைச் சாப்பிட வேண்டாம், ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம், நான் சரியான மாத்திரையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவருடைய டாக்டருக்கும் அதே விவரத்தைச் சொல்ல வேண்டும். ஏதாவது அறிகுறி இருந்தால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும். கடைக்கு வந்து நடந்ததை நடந்தபடி, அன்றைக்கே, நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள். பழைய பில்லிலோ ரிஜிஸ்டரிலோ ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. தவறு மன்னிக்கப்படலாம், மறைத்ததை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

உங்கள் முதலாளியின் பயம் எனக்குப் புரிகிறது. ஒப்புக்கொண்டால் கேஸாகிவிடும் என்று நினைக்கிறார். இந்தப் பயம் உலகம் முழுக்க இருந்த பயம்தான். பிரிட்டனில் 2018 வரை, தெரியாமல் மாறிப்போன ஒரு மாத்திரைக்குக்கூட மருந்தாளர் மீது குற்ற வழக்குப் போட முடியும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, வாயைத் திறக்காததால் அதே தவறு பக்கத்துக் கடையிலும் நடந்தது. அந்த வருடம் ஏப்ரலில் சட்டத்தை மாற்றி, பதிவு பெற்ற கடையில் தொழில் முறைப்படி வேலை செய்யும்போது தெரியாமல் நடந்த தவறுக்குத் தற்காப்பு வாதம் வைக்க வழி செய்தார்கள். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தவறு தெரிந்தவுடன் தாமதிக்காமல் நோயாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அதாவது சொன்னவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் நாட்டுச் சட்டத்தின் வாசகம் வேறாக இருக்கலாம், நோயாளிக்குச் சொல்ல வேண்டிய கடமை எந்த நாட்டிலும் வேறாகாது. இதை முதலாளியிடம் படித்துக் காட்டுங்கள்.

நோயாளி கைக்குப் போவதற்கு முன்பே பிடித்துவிட்ட தவறுகளையும் எழுதச் சொல்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு எழுத வேண்டும்? நோட்டு வாங்கி வைத்து மூன்று மாதமாகிறது, ஒரு வரி ஏறவில்லை.
– மருந்தகக் கிளை மேலாளர்

மூன்று மாதத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் தவறே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். இங்கிலாந்தில் மருந்து எழுதுவது, கொடுப்பது, சாப்பிடுவது என்று எல்லாக் கட்டத்தையும் சேர்த்து வருடத்துக்கு 23.7 கோடி தவறுகள் நடக்கின்றன என்று 2018-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 72 சதவீதம் பெரிய தீங்கு செய்யக்கூடியவை அல்ல. அந்த 72 சதவீதத்தை நாம் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தள்ளிவிடுகிறோம். அடுத்து எங்கே அடிபடப் போகிறோம் என்று இலவசமாகக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு அம்மாவுக்கு மருந்து எடுத்து வைத்துவிட்டுப் பையில் போடும்போது பேச்சுவாக்கில் “இது எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “தைராய்டு அதிகமாம்” என்றார். என் கையில் இருந்த பெட்டி கார்பமசெபின், வலிப்புக்குக் கொடுப்பது. சீட்டில் இருந்தது கார்பிமசோல். லேபிள் சரியாக அடித்திருந்தேன், பெட்டி மட்டும் தவறு. அகர வரிசையில் அடுக்கிய அலமாரி, இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழியில், அந்த மாதம் வந்திருந்த இரண்டு பெட்டிக்கும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே நீலப் பட்டை. சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து என்னோடு வேலை செய்தவர் அதே குழியிலிருந்து அதே பெட்டியை எடுத்தார். அந்த முறை பை கடையை விட்டுப் போய்விட்டது. அன்று மாலையே நோயாளியின் மகள் பெட்டியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார், நல்லவேளை. கடையில் எல்லோரும் என் சக ஊழியரைத்தான் திட்டினார்கள். நான் அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெட்டி வேறு தட்டுக்கு மாறியிருக்கும், அவர் அந்தத் திட்டு வாங்கியிருக்க மாட்டார், அந்த மகளும் பதறிக்கொண்டு ஓடி வந்திருக்க மாட்டார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது மறக்கவில்லை.

அதனால் நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். யார் செய்தது என்று ஒரு கட்டம் வைத்தால் நோட்டு காலியாகத்தான் இருக்கும். எந்த மருந்துக்கு எந்த மருந்து மாறியது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, எப்படிப் பிடிபட்டது, அப்போது கடையில் என்ன நடந்துகொண்டிருந்தது (போன் அடித்ததா, வரிசை நீண்டதா, சாப்பாட்டு நேரமா), இவை போதும். இரண்டு மாதம் எழுதினாலே ஒரு வடிவம் தெரியும். எங்கள் கடையில் தெரிந்தது மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில். ஒருவர் சாப்பிடப் போகும் நேரம். சாப்பாட்டு நேரத்தை மாற்றி அமைத்தோம், யாரையும் திட்டவில்லை.

விமானத் துறை இதை ரொம்ப நாள் முன்பே கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1976-இல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அந்தக் கடிதங்களைப் பெற்றுக்கொள்வது லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறை அமைப்பு அல்ல, நாசா. தண்டிக்கக் கூடியவரிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலாளரே, உங்களுக்கும் அதுதான். இந்த நோட்டை வைத்து ஒரு நாள் சம்பளம் பிடித்தீர்கள் என்றால் அன்றோடு சரி. முதல் வரியை நீங்களே, உங்கள் தவறையே எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் மற்றவர்களும் எழுதுவார்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இந்த ஜோடிகளை உங்கள் அலமாரியில் இன்றே தேடுங்கள்: அம்லோடிபின்–அமிட்ரிப்டிலின், ப்ரோப்ரனலால்–ப்ரெட்னிசலோன், அட்டனலால்–அலோப்யூரினால், ரோசுவாஸ்டாட்டின்–ரிவராக்ஸபான், கார்பிமசோல்–கார்பமசெபின். பெயரும் பெட்டியும் ஏமாற்றும் ஜோடிகள் என்று ஏற்கெனவே பலர் பட்டு எழுதி வைத்தவை இவை. பிரித்து வையுங்கள்.

பல வருடமாக அதே கடையில்தான் வாங்குகிறேன், முகம் பார்த்தாலே தெரியும். ஆனாலும் மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்கிறார்கள். இது தேவையா?
– வாசகர்

தேவை. ஒரே பெயரில் இரண்டு பேர், ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே இனிஷியல், இதெல்லாம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கட்டி வைத்த பையைத் தவறான கையில் கொடுப்பது, சரியான மருந்து தவறான ஆளுக்குப் போவது, அதுவும் பெரிய தவறுதான், இன்னொருவரின் நோய் விவரமும் கூடவே போய்விடுகிறது. அவர்களாக “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால், தலையாட்டாமல் பெயரை முழுசாக நீங்களே சொல்லுங்கள். காது மந்தமானவர்கள் எதற்கும் ‘ஆமாம்’ சொல்லிவிடுகிறார்கள்.

குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். பவுடராக இருந்தது, ‘தண்ணீர் கலந்து ஒரு ஸ்பூன் கொடுங்கள்’ என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எவ்வளவு தண்ணீர், எந்த ஸ்பூன் என்று ஒன்றும் புரியவில்லை.
– ஒரு தாய்

நீங்கள் குழம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, சொன்ன விதம்தான் தவறு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி என்று கணக்கு, ஆனால் வீட்டு ஸ்பூன்கள் ஒன்று அதில் பாதிதான் பிடிக்கும், இன்னொன்று ஒன்றரை மடங்கு பிடிக்கும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல், குழந்தைகளுக்கான திரவ மருந்தை ஸ்பூன் கணக்கில் எழுதவே வேண்டாம், மில்லியில் மட்டும் எழுதுங்கள் என்று சொன்னது. ஊசி இல்லாத, வாயில் கொடுக்கும் சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பவுடரைப் பொறுத்தவரை, கலந்து தருமாறு கடையிலேயே கேட்கலாம், கேட்க வேண்டும். நீங்களே கலப்பதாக இருந்தால், முதலில் பாட்டிலைத் தட்டிக் கட்டியை உதிர்த்துவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு மீதியை ஊற்ற வேண்டும். குறைவாகக் கலந்தால் மருந்து வீரியமாகிவிடும், அதிகமானால் நீர்த்துவிடும். ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும் குலுக்க வேண்டும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். அதில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடிந்ததும், மீதி இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

கவுண்ட்டரில் நிற்பவர்களுக்கு: சிரிஞ்சில் அந்த அளவுக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள், ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். என் அனுபவத்தில் பாதிப் பேர் முதல் தடவை வேறு கோட்டில்தான் நிறுத்துகிறார்கள்.

அப்பாவுக்கு மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் கால் மணி நேரம் நிறுத்தி வைத்து எதையெதையோ கேட்டார், அட்டையில் ‘திங்கள்’ என்று பெரிதாக எழுதினார். மற்ற மாத்திரைக்கெல்லாம் இப்படிச் செய்வதில்லையே?
– வாசகி

அந்தக் கடையை விடாதீர்கள். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும்போது மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. நம் கை தினமும் ஒன்று என்றுதான் பழகியிருக்கிறது. பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது: சீட்டில் ‘வாரம்’ என்ற சொல் மங்கலாக இருக்கும், அல்லது லேபிளில் விட்டுப்போகும், அல்லது வீட்டில் மாத்திரைப் பெட்டி நிரப்புகிறவர் ஏழு குழியிலும் போட்டுவிடுவார். தினமும் உள்ளே போனால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும், உயிரே போகும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்பதைச் சீட்டிலும் மருந்துப் பெட்டியிலும் முழுசாக எழுதச் சொன்னது. உங்கள் கடைக்காரர் ‘திங்கள்’ என்று எழுதியது அதைத்தான்.

இந்த மருந்து 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருகிறது. எப்போதும் ஒரே அளவு மாத்திரையை மட்டும் வாங்குங்கள், இரண்டையும் வீட்டில் கலந்து வைக்காதீர்கள். ஃபோலிக் ஆசிட் கூடவே எழுதியிருப்பார்கள், அது எந்தக் கிழமை என்பதையும் தனியாக எழுதி வாங்குங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் டிரைமெத்தோபிரிம் அல்லது அது கலந்த கோ-டிரைமாக்ஸசோல் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லாமல் வாங்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜைக்கு ஆபத்து. தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண், காரணம் இல்லாமல் உடம்பில் நீலம் பாய்வது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், அதை முறிக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

நான் தனியாகத்தான் கடையில் இருக்கிறேன். ‘ஒருவர் எடுக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்’ என்று விதி சொல்கிறது. இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்?
– மருந்தாளுநர்

தான் எடுத்ததைத் தானே உடனே சரிபார்த்தால் கண் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும், எழுதியிருப்பதைப் பார்க்காது. அதனால் நடுவில் ஒரு இடைவெளி போடுங்கள். மருந்தை எடுத்து ஒரு கூடையில் சீட்டோடு வைத்துவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள், பில் போடுங்கள், இரண்டு நிமிடம் போதும். திரும்பி வந்து லேபிளைப் பார்க்காமல் சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்: சீட்டில் என்ன பெயர், எத்தனை மில்லிகிராம், பெட்டியில் என்ன, உள்ளே அட்டையில் என்ன, எக்ஸ்பயரி எப்போது. வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. ஒரு ஆளுக்கு ஒரு கூடை, இரண்டு சீட்டை ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பக் கூடாது.

கடைசியாக, நோயாளியே உங்கள் இரண்டாவது ஆள். பையைக் கட்டிக் கொடுக்காமல் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, “இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு, வழக்கமாக வாங்குவது இதேதானா?” என்று கேளுங்கள். “போன மாதம் மஞ்சளாக இருந்ததே” என்று அவர் சொன்னால் எரிச்சல்படாமல் நின்று பாருங்கள், கம்பெனி மாறியிருக்கலாம், மருந்தே மாறியிருக்கலாம். நடுவில் போன் அடித்தால் அடிக்கட்டும். எடுத்துப் பேசிவிட்டீர்கள் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்தச் சீட்டை முதலிலிருந்து பாருங்கள்.

வேலை முறைக் கையேடு கேட்டார்கள். இணையத்தில் கிடைத்ததை இறக்கி, கடை பெயரை மாற்றி வைத்துவிட்டேன். போதுமா?
– மருந்துக்கடை உரிமையாளர்

போதாது. உங்கள் கடையில் இல்லாத இரண்டாவது கவுண்ட்டரைப் பற்றியும் இல்லாத ஊழியரைப் பற்றியும் அதில் எழுதியிருக்கும். தவறு நடந்த அன்று அந்தக் கையேடே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இரண்டு பக்கம் போதும், ஆனால் உங்கள் கடையில் நிஜமாக நடப்பது இருக்க வேண்டும்: சீட்டு யார் கையில் வாங்கப்படுகிறது, எழுத்து புரியாவிட்டால் டாக்டருக்கு யார் போன் செய்வது, நீங்கள் வெளியே போனால் எதையெல்லாம் கொடுக்கக் கூடாது. வேலை செய்பவர்களை உட்கார வைத்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், படித்துக் கையெழுத்துப் போடட்டும். பிரிட்டனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு தவறு நடந்தால் இரண்டு வருடம் காத்திருக்காமல் அன்றே பாருங்கள்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல் கேட்டேன். சீட்டு இல்லாமலே கிடைப்பதுதான். ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டு, கடைசியில் தரமாட்டேன் என்றுவிட்டார். பணம் கொடுத்து வாங்குகிற ஜெல்லுக்கு இத்தனை விசாரணையா?
– வாசகர்

உங்கள் கடிதத்தின் கடைசியில், இதய வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் தரவில்லை. அந்த ஜெல் பூஞ்சைக்குத் தரும் மைக்கோனசோல் என்றால், வாயில் தடவுவது ரத்தத்தில் சேர்ந்து, வார்ஃபரின் உடம்பில் உடைந்து வெளியேறுவதைத் தடுத்துவிடும். ரத்தம் உறையாமல் போய், மூக்கில், குடலில், சில நேரம் மூளையிலேயே கசியும். இந்த ஜெல்லையும் வார்ஃபரினையும் சேர்த்தவர்களுக்குக் கடுமையான ரத்தக்கசிவு ஏற்பட்டதாக பிரிட்டனில் 2016-இல் எச்சரிக்கை வந்தது. உயிரிழப்புகளும் அதில் உண்டு. தடவுகிற மருந்துதானே என்று நினைத்து யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை.

அவர் உங்களிடம் கோபமாகப் பேசியிருந்தால் அது தவறு, காரணத்தைச் சொல்லாமல் ‘கிடையாது’ என்றிருந்தால் அதுவும் தவறு. உங்கள் வாய்ப்புண்ணுக்கு வேறு வழி இருக்கிறது, டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சாப்பிடுகிற எல்லா மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள்.

இரவு மின்சாரம் போய், காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜில் வெப்பமானி 14 டிகிரி காட்டுகிறது. இன்சுலின் நிறைய இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. விற்கலாமா?
– மருந்துக்கடை ஊழியர்

கைக்குத் தெரியாது. இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி. இப்போது காட்டும் 14 மட்டும் போதாது, இரவில் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரம் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் வெப்பமானி வைத்து, தினமும் எழுதி, ரீசெட் செய்யச் சொல்கிறோம். இருப்பதையெல்லாம் வேறு நல்ல ஃபிரிட்ஜில் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, ‘விற்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் செய்து, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். சிலவற்றை, காலக்கெடுவைக் குறைத்துக்கொண்டு பயன்படுத்தலாம் என்பார்கள், சிலவற்றைத் தூக்கிப்போடச் சொல்வார்கள். சொன்னவர் யார், எந்த நேரம், எந்த பேட்ச் நம்பர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்காமலே தெரியும்: ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின், மறுபடி உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. இன்று அந்தப் பின்தட்டையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.